கூட்ஸ் வண்டியின் கடைசி விளக்கு

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் நான் ரயில் ஏறியபோது கையில் ஒரு குடையும் தோளில் ஒரு பையும்தான். ரெடிங்கில் வந்து சேர்ந்துகொண்ட அக்கா மகன் கையில் ஒரு சின்ன பிஸ்கட் டப்பா இருந்தது. உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து காட்டினான். பஞ்சுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு ரயில் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான்கு சக்கரம், வெள்ளைக் கூரை, ஒரு பக்கம் மட்டும் திறந்த திண்ணை. பக்கவாட்டில் எறும்பு வரிசைபோல ஆங்கில எழுத்தில் ஓர் ஊர்ப் பெயர். கண்ணாடியைக் கழற்றி, பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தேன். ஜோலார்பேட்டை.

"தாத்தா ஊரு மாமா. வேற பேரு எழுத மனசு வரல" என்றான்.

அவனுடைய தாத்தா என் அப்பா. ஜோலார்பேட்டையில் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் இங்கிலாந்தில் மென்பொருள் எழுதுகிறான். சனி ஞாயிறுகளில் மாடல் ரயில் செய்கிறான். எஞ்சின்மேல் எல்லோருக்கும் ஆசை வரும். இவனுக்கு ஆசை வந்தது கூட்ஸ் வண்டியின் கடைசியில் ஓடும் பிரேக் வேன்மேல். "இதோட அசல் டிட்காட்ல நிக்குது. வந்து பாருங்க" என்று இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பாடிங்டனிலிருந்து டிட்காட் 85 கிலோமீட்டர். ரெடிங் வருமுன்னே மெய்டன்ஹெட் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றை ரயில் கடந்தது. புருனெல் என்ற பொறியாளர் வெறும் செங்கல்லால் கட்டிய பாலம் அது. 128 அடி அகலமுள்ள இரண்டு தட்டையான வளைவுகள். அந்தக் காலத்தில் விழுந்துவிடும் என்றார்கள். இன்றைக்கும் அதன்மேல்தான் மின்சார ரயில் பறக்கிறது. ரெடிங்குக்கு மேல் வழியில் நான் எதையும் பார்க்கவில்லை. அந்தக் குட்டிப் பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிரேக் வேன் எதற்கு என்று தெரிந்தால்தான் அதன்மேல் ஒருவனுக்கு ஏன் இத்தனை பிரியம் என்பது புரியும். பழைய பிரிட்டிஷ் கூட்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, எஞ்சினிலிருந்து கடைசிவரை ஓடும் பிரேக் கிடையாது. வேகனுக்கும் வேகனுக்கும் இடையே மூன்று கண்ணி கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான். ஓட்டுநர் பிரேக் போட்டால் எஞ்சின் நிற்கும். பின்னால் வரும் வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முட்டும். கிளம்பும்போது நேர்மாறு. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறக்குறைய ஒரு சாண் தொய்வு என்று வையுங்கள். 50 வேகனுக்கு 50 சாண். எஞ்சின் பதினோரு மீட்டர் நகர்ந்த பிறகுதான் கடைசிப் பெட்டிக்கு வண்டி கிளம்பியதே தெரியும். தெரியும்போது அது ஓர் உதையாகத்தான் தெரியும். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேட்டில் ஏறும்போது இந்தத் தொய்வும் இறுக்கமும் அலைபோல வண்டி முழுக்க ஓடும். அந்த அலை மோசமான இடத்தில் அடித்தால் சங்கிலி அறுந்துவிடும்.

இதைத் தடுக்கக் கடைசியில் 20 டன் எடையுள்ள ஒரு பெட்டி, அதில் ஒரு மனிதர், அவர் கையில் ஒரு பிரேக் சக்கரம். முன்னே எத்தனை வேகன், எவ்வளவு பாரம், எங்கே இறக்கம், எங்கே ஏற்றம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பள்ளம் வருமுன்னே சக்கரத்தைச் சுற்றிப் பின்பக்கமாக இழுத்துப் பிடிப்பார். சங்கிலி எல்லாம் விறைப்பாக நிற்கும். மீறி எங்காவது அறுந்தால், அறுந்துபோன பகுதி பின்னோக்கி உருளாமல் நிறுத்த வேண்டியவரும் அவர்தான்.

டிட்காட்டில் நிலையத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. நடைமேடைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையிலேயே ரயில்வே மையத்துக்கு வாசல் இருக்கிறது. 1961-ல் நான்கு பள்ளிக்கூடப் பையன்கள் தொடங்கிய கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டி நடத்தும் இடம். 1967-ல் இங்கே வந்தார்கள். 1932-ல் கட்டிய எஞ்சின் ஷெட் அப்படியே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நிலக்கரிப் புகையும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை. அப்பாவின் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அம்மா எத்தனை தடவை சோடா உப்புப் போட்டு ஊறவைத்தும் போகாத வாசனை அது.

பச்சை வண்ணத்தில் பித்தளை பளபளக்க எஞ்சின்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அங்கேதான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நேரே பின்னால் போனோம். ஒரு கிளைத்தடத்தின் கோடியில் நின்றது 'டோட்'.

டோட் என்றால் தேரை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் தந்தி அடிக்கும்போது வார்த்தையை மிச்சம்பிடிக்க ஒவ்வொரு வண்டி வகைக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். மூடிய சரக்குப் பெட்டி 'மின்க்', மீன் வண்டி 'புளோட்டர்', பால் வண்டி 'சைஃபன்', தாழ்ந்த நடுப்பகுதி கொண்ட பெரிய வண்டி 'குரோகொடைல்'. பிரேக் வேனுக்கு 'டோட்'. தந்தி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஆட்ரி பாதிரியாரின் ரயில் கதைகளில், நம் பிள்ளைகள் தாமஸ் என்ற எஞ்சினால் அறிந்திருக்கிறார்களே அந்தக் கதைகளில், 1968-ல் வந்த புத்தகத்தில் டோட் என்ற பெயரிலேயே ஒரு பிரேக் வேன் பாத்திரமாக வருகிறது.

24 அடி நீளம், சக்கரத்துக்குச் சக்கரம் 16 அடி. ஒரு முனையில் அறை, மறு முனையில் திண்ணை. நம் ஊர் வீட்டுத் திண்ணை மாதிரியேதான். மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் மழை அடிக்கும். பிரேக் சக்கரம் திண்ணையில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளின் வேன்களில் கார்டு அறைக்குள் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்க்கப் பக்கச் சுவரில் புடைத்த மாடம் ஒன்று இருக்கும். டோட்டில் அதுவும் இல்லை. அதனால் மற்றப் பகுதி கார்டுகளுக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை என்பார்கள். எனக்கு அந்தக் குறையே அதன் முகமாகத் தெரிந்தது. ஒவ்வொரு டோட்டுக்கும் சொந்த ஊர் உண்டு. எந்த யார்டைச் சேர்ந்ததோ அந்தப் பெயரைப் பக்கத்தில் வெள்ளையில் எழுதியிருப்பார்கள். வேலை முடிந்ததும் வண்டி அந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அக்கா மகன் ஜோலார்பேட்டை என்று எழுதியது இந்த வழக்கத்தை வைத்துத்தான்.

அங்கே ஒரு தொண்டர் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. இளவயதில் ரயில்வேயில் கார்டாக இருந்தவராம். என் அப்பாவும் கூட்ஸ் கார்டு என்று சொன்னதும் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். "ஏறுங்கள்" என்றார்.

திண்ணையில் ஏறினேன். பிரேக் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றச் சொன்னார். முதலில் சும்மா சுற்றியது. பிறகு கை மெல்லக் கனத்தது. இன்னும் சுற்றினேன். ஓரிடத்தில் காலடிப் பலகையின் கீழே இரும்பு இரும்பைத் தொடுவது முழங்கைவரை வந்தது. "அதுதான். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே வைத்திருப்பதுதான் வேலை. முழுக்க இறுக்கினால் சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் சறுக்கும், தேய்ந்து தட்டையாகும். விட்டுவிட்டால் முன்னால் எல்லாம் முட்டிக்கொள்ளும்" என்றார். பக்கத்தில் மணல் கொட்டும் நெம்புகோல். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் சறுக்காமல் இருக்க மணல்.

அறைக்குள் ஒரு சின்ன இரும்பு அடுப்பு, பெட்டிபோல மூடிய மர இருக்கை, விளக்கு மாட்டும் கொக்கி. மின்சாரம் கிடையாது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், சில சமயம் ஏதோ ஒரு கிளைத்தடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும்வரை, இந்த அறையில் ஒரு மனிதர் தனியாக இருந்திருக்கிறார். எஞ்சினில் ஓட்டுநருக்குப் பேச்சுத்துணைக்கு ஃபயர்மேன் உண்டு. இங்கே அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்தான் துணை. அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது: நடுக்காட்டில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றால் எஞ்சின் சத்தம்கூடக் காதில் விழாது, தவளைச் சத்தம்தான். அவருடைய வேனில் அடுப்பு இல்லை, கூஜா இருந்தது. லைன் பாக்ஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. கொடி, கை விளக்கு, ஆபத்தில் தண்டவாளத்தின்மேல் வைக்கும் எச்சரிக்கை வெடியான டெட்டனேட்டர் எல்லாம் அதற்குள். ஒரு வசதி அவருக்குக் கூடுதல். எங்கள் பக்கத்து வண்டிகளில் வேக்குவம் பிரேக் இருந்ததால், வேனில் இருந்த வால்வைத் திறந்தால் மொத்த வண்டியும் நிற்கும். இந்த டோட்டில் நின்றவருக்குக் கைச்சக்கரம் மட்டும்தான்.

அக்கா மகன் டப்பாவைத் திறந்து தன் வண்டியைக் காட்டினான். தொண்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார். பிரேக் கட்டைகள் சக்கரத்துக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். திண்ணைக் கைப்பிடியை நகத்தால் தொட்டார். ஊர்ப் பெயரைப் படித்து எங்கே என்று கேட்டார். சொன்னான். தலையாட்டினார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலை. ஆனால் கடைசி விளக்கு எங்கே?" என்றார்.

அவன் முகம் வாடிவிட்டது. அவர் குறை சொல்லவில்லை. விளக்கு இல்லாத பிரேக் வேன் வெறும் பெட்டி, அது மாட்டியிருந்தால்தான் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் ரயில் என்று விளக்கினார். வழியில் உள்ள ஒவ்வொரு சிக்னல்மேனும் வண்டி கடக்கும்போது பார்ப்பது எஞ்சினை அல்ல, வாலில் தொங்கும் சிவப்பு விளக்கை. அதைக் கண்ட பிறகுதான் பின்னால் இருக்கும் சிக்னல் அறைக்கு மணியில் இரண்டு தட்டு, சற்று விட்டு ஒரு தட்டு. வண்டி முழுசாக வந்துவிட்டது, தடம் காலி என்று பொருள். விளக்கு இல்லை என்றால் வண்டியின் பாதி வழியில் எங்கோ நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கங்களிலும் இன்னும் இரண்டு விளக்கு உண்டு. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. இரவில் வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால் கார்டு இன்னும் தன்னோடு வருகிறார் என்று அறிந்துகொள்வார்.

நம் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்னால் மஞ்சளில் பெருக்கல் குறியும் 'எல்.வி.' என்ற பலகையும் பார்த்திருப்பீர்கள். கடைசி வண்டி என்று அர்த்தம். நிலைய அதிகாரி வெளியே வந்து நின்று பார்ப்பது அதைத்தான். டிட்காட்டில் அந்தப் பெரியவர் சொன்னதும் ஜோலார்பேட்டையில் அப்பா சொன்னதும் ஒரே பாடம்.

அன்று மாலை ரெடிங்கில் அவன் வீட்டுச் சமையலறை மேஜைமேல் வேலை நடந்தது. வெள்ளை உலோகத்தில் வார்த்த குட்டி விளக்குகள் அவனிடம் இருந்தன. உயரம் 4 மில்லிமீட்டர்; கொத்தமல்லி விதை அளவு. இடுக்கியில் பிடித்து, குச்சி முனையால் சிவப்புப் புள்ளி வைத்து, ஒரு துளி பசையில் பின்பக்கக் கொக்கியில் நிறுத்தினான். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தான். நானும் அடக்கிக்கொண்டேன்.

அப்போது அவன் சொன்ன ஒரு கணக்கை மறக்க மாட்டேன். இங்கே பரவலாக இருக்கும் அளவுமுறையில் அசலின் ஓர் அடி மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. நீளம் 76-ல் ஒன்றானால் கன அளவு 76 பெருக்கல் 76 பெருக்கல் 76-ல் ஒன்று. 20 டன்னை அதனால் வகுத்தால் வருவது 46 கிராம். மாடல் செய்பவர்களிடையே ஓர் அனுபவ விதி இருக்கிறது: தடத்தில் துள்ளாமல் ஓட, ஓர் அச்சுக்கு 25 கிராம் எடை வேண்டும். இரண்டு அச்சுக்கு 50 கிராம். அசலின் எடையும் மாடலின் தேவையும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன. வண்டியைச் சமையல் தராசில் வைத்தான். 41 காட்டியது. தரைக்கு அடியில் ஈயத் துண்டை ஒட்டினான். 48.

"ஈயக் குண்டை வெள்ளைப் பசைல போட்டு ஊத்துறவங்க உண்டு மாமா. அது வருஷக்கணக்குல ஊதி ஊதி வண்டியையே பிளந்துடும். துண்டா வெட்டி வேற பசைல ஒட்டணும்" என்றான். எல்லாத் தொழிலிலும் கைபட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எடை சரியாகிவிட்டது. ஆனால் தண்டவாள அகலம் சரியில்லை என்று அவனே சொன்னான். 4 மில்லிமீட்டர் அளவுக்கு அசல் தடத்தின் அகலம் 18.83 மில்லிமீட்டராக வர வேண்டும். கடையில் விற்பது 16.5. ஆரம்பத்தில் எடுத்த ஒரு சமரசம், இன்றுவரை தொடர்கிறது. மனசு ஒப்பாதவர்கள் சக்கரத்தை மாற்றி, தடத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் கோயில் டிட்காட்டுக்குப் பக்கத்தில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கிறது. மறுநாள் அங்கே போனோம்.

அங்கே இருக்கும் பென்டன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர் ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலியர். 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர், இந்தப் பகுதியின் வைக்கோல் கூரை வீடுகள் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்து வருந்தினார். வருந்தியதோடு நிற்காமல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தார். அளந்ததை அட்டையில் கட்டினார். 1954 முதல் இந்தக் கிராமத்தில் அது அருங்காட்சியகமாக வளர்ந்து வருகிறது. உள்ளே ஒரு முழுக் கிராமப்புறம் கிடக்கிறது, 1920-30களின் இங்கிலாந்து: வயல், வேலி, கிணறு, துணி காயும் கொடி. செங்கல் செங்கலாகக் கீறி வண்ணம் தீட்டிய சுவர்கள். ஒரு வீட்டை முடிக்க வருடக்கணக்கில் ஆகுமாம்.

அதன் நடுவே தடம் போகிறது. எக்ஸ்பிரஸ் ஒன்று போனது, எல்லோரும் ரசித்தார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு சின்ன எஞ்சின் ஒன்று மெதுவாக வந்தது. பின்னால் வேகன்கள். நிலக்கரி, மூடிய பெட்டி, மரம், மறுபடி நிலக்கரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழுக்கேறியிருந்தது. கடைசியில் திண்ணையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு டோட். வாலில் கொத்தமல்லி விதை அளவில் சிவப்பு விளக்கு. பக்கத்திலும் இரண்டு. ஒன்றும் குறையவில்லை. அக்கா மகன் என் முழங்கையை அழுத்தினான். வண்டி மலைக்குப் பின்னால் மறைந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊர்க்காரர்கள் ராஜாக்களின் எஞ்சினை மட்டும் பாதுகாக்கவில்லை. மழையில் நின்ற மனிதனின் திண்ணையையும், அவன் கையால் திரி நிமிண்டிய விளக்கையும் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் வந்தேன். ஒரு வேலையை மறக்கவிடாமல் வைத்திருக்கிற வழி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் அர்மா விபத்தைப் பற்றிப் பேசினோம். 1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உல்லாசப் பயணம் போன ரயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். பின்பாதியில் பத்துப் பெட்டிகள். எஞ்சினோடு தொடர்பு போனதும் பிரேக் போய்விடும் வகை அது. அவற்றைப் பிடித்து நிறுத்த இருந்தது கடைசி வேனின் கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த கற்களும்தான். கழற்றும்போது எஞ்சின் லேசாகப் பின்னால் நகர்ந்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் ஓடிப் பின்னால் வந்த ரயிலோடு மோதின. 80 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் பலர். அதே வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும், அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக் கட்டாயம். கூட்ஸ் வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லை. அடுத்த எழுபது எண்பது வருடம் பெரும்பாலான கூட்ஸ் வண்டிகளில், எஞ்சினின் பிரேக்கைத் தவிர, அந்த ஒற்றைக் கைச்சக்கரமும் அதைப் பிடித்த மனிதருமே பிரேக்காக இருந்தார்கள். செலவு மிச்சம் என்ற கணக்கில் எடுத்த முடிவு அது. தவறான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தவறின் விலை என்ன என்று பார்க்க இன்னும் ஓர் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக. ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக மான்செஸ்டர், அங்கிருந்து பக்ஸ்டன் போகும் சின்ன ரயிலில் மலை ஏறி, சேப்பல்-என்-லெ-ஃப்ரித் நிலையத்தில் இறங்கினேன். என்னோடு இறங்கியது ஒரு பெண்ணும் அவள் நாயும் மட்டும். பச்சை மலைச்சரிவு, கல் வேலி, ஆடுகள், தூறல்.

1957 பிப்ரவரி 9, சனிக்கிழமை. ஜான் ஆக்ஸன் ஓட்டிய கூட்ஸ் வண்டி பக்ஸ்டனிலிருந்து கிளம்பியது. 33 வேகன், ஒரு பிரேக் வேன். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அறையில் பிரேக்குக்கு நீராவி கொண்டுபோகும் குழாய் உடைந்தது. கொதிக்கும் ஆவி அறையை நிரப்பியது. பிரேக்கும் போயிற்று, உள்ளே நிற்கவும் முடியவில்லை. ஆக்ஸன் தன் ஃபயர்மேனைக் குதிக்கச் சொன்னார். ஓடிக்கொண்டே வேகன்களின் பக்க நெம்புகோல்களைக் கீழே அழுத்தி எத்தனை முடியுமோ அத்தனை பிரேக் போடச் சொன்னார். அவர் குதித்தார், சிலவற்றைப் போட்டார். போதவில்லை. உச்சியைத் தாண்டிய வண்டி சரிவில் பறந்தது. ஆக்ஸன் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. எஞ்சின் அறைக்கு வெளியே தொற்றிக்கொண்டு, வழியில் இருந்த சிக்னல் அறைக்குக் கையை ஆட்டி எச்சரித்தபடியே போனார். சேப்பலில் முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொரு கூட்ஸ் வண்டியின் பின்பக்கத்தில் மோதியது. ஆக்ஸன் இறந்தார். முன்வண்டியின் கடைசியில், பிரேக் வேனில் இருந்த கார்டு ஜான் க்ரீமரும் இறந்தார்.

ஆக்ஸனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது தந்தார்கள். ஓர் எஞ்சினுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1958-ல் பாடகர் இவான் மக்கால் பி.பி.சி. வானொலிக்காக அவரைப் பற்றிப் பாட்டும் பேச்சுமாக ஒரு நிகழ்ச்சி செய்தார். ரயில்வேக்காரர்களின் குரலையே பதிவு செய்து சேர்த்த நிகழ்ச்சி அது. அத்தனைக்கும் தகுதியானவர்தான் ஆக்ஸன். ஆனால் அன்று அந்த நடைமேடையில் நின்றபோது எனக்கு க்ரீமரே நினைவில் நின்றார். அவர் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எஞ்சினிலிருந்து மிகத் தொலைவில், வண்டியின் வாலில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் முதலில் வந்து சேர்வது கார்டிடம்தான். அப்பா இரவு வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் ஏன் அவ்வளவு நேரம் நிற்பாள் என்பது எனக்கு அறுபது வயதில், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தூறலில்தான் புரிந்தது.

1968-ல் பிரிட்டனில் விதி மாறியது. எல்லா வேகன்களிலும் தொடர் பிரேக் உள்ள வண்டிக்குக் கடைசியில் பிரேக் வேன் வேண்டியதில்லை, கார்டு எஞ்சினிலேயே வரலாம் என்றார்கள். ஆட்ரியின் புத்தகத்தில் டோட் வந்ததும் அதே வருடம். அடுத்த இருபது வருடத்துக்குள் பிரேக் வேன்கள் பெரும்பாலும் உடைக்கப்பட்டன. மிச்சம் டிட்காட் மாதிரியான இடங்களுக்கும் பிஸ்கட் டப்பாக்களுக்கும் போயின.

நம் ஊரில் இன்னும் அந்த நிலை வரவில்லை. சேலம் பக்கமோ அரக்கோணம் பக்கமோ ரயில் கேட்டில் நின்றால், ஐம்பது அறுபது வேகன் போன பிறகு கடைசியில் ஒரு வேனும், அதன் வாசலில் கொடியோடு ஒருவரும் வருவதைப் பார்க்கலாம். 2022 ஜனவரியில் 'கார்டு' என்ற பதவிப் பெயர் 'டிரெயின் மேனேஜர்' என்று மாறிவிட்டது. சரக்கு ரயிலின் வாலில் மின்னணுக் கருவியை மாட்டிவிட்டு வேனும் ஆளும் இல்லாமல் ஓட்டும் முயற்சியும் நடக்கிறது. பாதுகாப்புக்கு அது நல்லதென்றால் வரட்டும். நீலகிரி மலை ரயிலில் இன்றும் பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கையால் பிரேக் போட்டபடி இறங்குகிறார். அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் ஜன்னல் காட்சியோடு அவர் கையையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.

ஊர் திரும்பும் முன் அக்கா மகனிடம் கேட்டேன், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று. தாத்தா வேலை பார்த்த வண்டியின் வேனையே செய்ய வேண்டும் என்றான். டோட்டுக்கு வரைபடம் இருக்கிறது, நிறம் தெரியும், எழுத்தின் உயரம்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. தாத்தாவின் வேனுக்கு அவனிடம் இருப்பது மங்கிய ஒரே ஒரு புகைப்படம். அதிலும் பாதியை அப்பாவின் தொப்பி மறைத்துக்கொண்டிருக்கிறது. திண்ணைக் கைப்பிடி எத்தனை அங்குலம், உள்ளே இருக்கை எந்தப் பக்கம், லைன் பாக்ஸ் எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அப்பா இருந்தபோது நான் கேட்டதே இல்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற கூட்ஸ் கார்டு ஒருவர் இருப்பார். ஈரோட்டில், ஜோலார்பேட்டையில், பொன்மலையில், விழுப்புரத்தில் கட்டாயம் இருப்பார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கேளுங்கள். வேனில் எங்கே உட்கார்ந்தார், எதில் தண்ணீர் வைத்தார், எந்த இறக்கத்தில் கை பிரேக்குக்குப் போகும், விளக்கை எத்தனை மணிக்கு ஏற்றுவார். ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள், அனுமதி வாங்கிக்கொண்டு, ஓரமாக நிற்கும் ஒரு பழைய வேனை நாடா பிடித்து அளந்து எழுதி வையுங்கள். ரெடிங்கில் ஒரு பையன் காத்துக்கொண்டிருக்கிறான்.